இரண்டு தட்டுக்கு நடுவே

அவளுக்கு வேலை போனதற்கு அவள் பேச்சு காரணமில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் என்று நான் சொல்வது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கிற இரும்பு வார்ப்புக் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜரை. பெயர் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது படித்தால் அவருக்குத் தெரியும். அவள் என்று நான் சொல்வது என்னோடு ஒரே மேஜையில் ஆறு வருஷம் நின்றவளை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. வீட்டில் எல்லோரும் மீன் பிடிக்கிறவர்கள். முகத்துவாரம் மண் மூடிப்போய் ஏரியில் மீன் குறைந்த வருஷம் கம்பெனி வேனில் ஏறி வேலைக்கு வந்தாள்.

எங்கள் வேலை காது வேலை. லாரி பிரேக்கைத் தாங்குகிற ஒரு பாகத்தைக் கம்பெனியில் வார்க்கிறார்கள். நாங்கள் அதைக் கொக்கியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் கேட்போம். விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். ஓட்டை மணியைத் தட்டினது போல. அதைக் கண்டுபிடிக்க யாரும் வேண்டாம், வாட்ச்மேனே சொல்லிவிடுவார். கஷ்டமானது இன்னொன்று. உருக்கின இரும்பில் மெக்னீசியம் கலந்துதான் அச்சில் ஊற்றுவார்கள். கலந்ததும் சீக்கிரம் ஊற்றிவிட வேண்டும். தாமதமானால் மெக்னீசியத்தின் வேகம் குறைந்துவிடும். அப்படிக் கடைசியில் ஊற்றின பீஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தட்டினால் மணி போலவே கேட்கும். ஆனால் சத்தம் ஒரு நூல் இறங்கியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த பீஸ் லாரியில் போனால் ஒருநாள் உடையும்.

அந்த ஒரு நூலைப் பிடிக்க மேஜையில் ஒரு நல்ல பீஸ் தொங்கும். மாஸ்டர் பீஸ் என்போம். முதலில் அதை ஒரு தட்டு. அந்தச் சத்தத்தைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பீசைத் தூக்கி மாட்டி, ஒரு தட்டு. தலையில் இருப்பதும் காதில் விழுவதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இரண்டு தட்டுக்கும் நடுவே நாலு மூச்சு, ஐந்து மூச்சு நேரம். இதற்கு வேறு கம்பெனிகளில் மெஷின் இருக்கிறதாம். எங்கள் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேர்தான் மெஷின்.

சத்தத்தைத் தலையில் எங்கே வைக்கிறாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாய்விட்டு முனகினால் சரிவராது. நம் குரல் அதைக் கெடுத்துவிடும். தொண்டைக்குப் பின்னால் எங்கேயோ அது தானாக நிற்கும். இரும்பு நின்ற பிறகும் அது நிற்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு கரைந்துவிடும். கரைவதற்குள் அடுத்த தட்டு விழ வேண்டும். பாட்டு கற்றுக்கொண்டவர்களுக்கு இதற்கு வேறு பெயர் இருக்கலாம். நான் பாட்டு கற்றதில்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் வயலில் வளர்ந்தவள்.

இந்த வேலையில் அவள் எனக்கு மேல். அவள் பேசிக்கொண்டே தட்டுவாள். வாய் ஒரு நிமிஷம் நிற்காது.

"யக்கா, நேத்து எம் மாமியா இன்னா பண்ச்சி தெரியுமா? எறால் கொழம்புல உப்பப் போட்டுட்டு, நான் போடலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்குது. இது ரிஜக்ட்டு, தூக்கிப் போடு."

"எதுடி ரிஜக்ட்டு? உம் மாமியாளா?"

"மாமியாள எந்தக் கம்பெனி எடுத்துக்கும்? இந்த பீசு. கொஞ்சம் எறங்கிகீது, கேளு."

நான் தட்டிப் பார்ப்பேன். இறங்கித்தான் இருக்கும். அவள் பேச்சு அவள் காதைத் தொட்டதே இல்லை. என் காதையும் தொட்டதில்லை. பக்கத்து ஷெட்டில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் நாள் முழுக்கக் கத்தும். அதுவும் எங்களைக் கெடுக்கவில்லை. அது ஒரே இரைச்சல், அதில் மேலே கீழே கிடையாது. நாங்கள் தட்டி அனுப்பின சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒருவரும் எங்களைப் பாராட்டவும் இல்லை. அது கிடக்கட்டும்.

போன ஆயுத பூஜைக்கு ஷெட்டில் ஸ்பீக்கர் பெட்டி கட்டினார்கள். சுத்தியலுக்கும் மாஸ்டர் பீசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூஜை முடிந்த மறுநாள் காலையில் மாஸ்டர் பீசைத் தட்டினால் சத்தம் மந்தமாக வந்தது. அவள்தான் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் துடைத்து மாட்டினாள். கவனத்தைக் கெடுத்தவள் என்று நீங்கள் எழுதினீர்களே, அவள்தான் இவள்.

அந்த ஸ்பீக்கரைக் கழற்ற வந்த எலக்ட்ரீஷியனை நிறுத்தினது நான். இதையும் எழுதத்தான் வேண்டும். பாட்டு இருந்தால் பொழுது போகும், இருக்கட்டும் என்று ஆபீசில் போய்க் கேட்டதும் நானேதான். அவர்களுக்கும் சந்தோஷம். தொழிலாளர் நலன் என்று போட்டோ எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஷிப்ட் முழுக்க சினிமாப் பாட்டு. பெட்டி எங்கள் மேஜைக்கு நேர் மேலே. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் ஒரு லாட் சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. வாங்கின கம்பெனியில் சோதனை செய்தபோது பீஸ்கள் உடைந்திருக்கின்றன. அத்தனையும் எங்கள் மேஜை தாண்டிப் போனவை. நல்லது என்று நாங்கள் வைக்கிற பச்சை பெயின்ட் புள்ளி ஒவ்வொன்றிலும் இருந்தது.

நீங்கள் காமிராவைப் போட்டுப் பார்த்தீர்கள். அதில் சத்தம் பதிவாகாது. படம் மட்டும்தான். படத்தில் அவள் வாய் அசைகிறது. என் வாயும் நடுவில் அசைகிறது. மேலே ஓடின பாட்டு படத்தில் தெரியவில்லை. ஆக, பேச்சுதான் காரணம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அவள் என்ன பேசினாள், அப்போது என்ன தட்டினாள், எது ரிஜக்ட் ஆனது, ஒன்றையும் நீங்கள் கேட்கவில்லை. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டீர்கள். மேஜை மேல் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது.

"அவங்கதான் ஃபர்ஸ்ட்டு பேச ஆரம்பிக்கிறாங்க, இல்லியா?"

"அவ எப்பவும் பேசுவா சார். ஆறு வருஷமா பேசிக்கினுதான் இருக்கா."

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"ஆமா சார். ஆனா..."

"இங்க சைன் பண்ணுங்க. பண்ணலன்னா ரெண்டு பேர் பேரும் போகும்."

அந்தக் காகிதத்தில், பக்கத்தில் இருந்தவர் தொடர்ந்து பேச்சுக் கொடுத்ததால் எனக்குக் கவனம் சிதறியது என்று எழுதியிருந்தது. படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லமாட்டேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான். பயந்தேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை ஷிப்ட் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மைக்கில் சொன்னீர்கள். வேலை நேரத்தில் பேசிக் கம்பெனி பெயரைக் கெடுத்தவர் என்றீர்கள். முந்நூறு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பின்வரிசையில் மோல்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவன் சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, "இன்னா சிரிப்பு? உனுக்கும் வாய் கீது இல்ல? ஜாக்கிரதை" என்றாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கேட்டைத் தாண்டும்போது அழுதுகொண்டு போனாள் என்று வாட்ச்மேன் சொன்னார். நான் பார்க்கவில்லை. நான் மேஜைக்குப் போய்விட்டேன்.

அவள் இடத்தில் புதுப்பெண் ஒருத்தி வந்தாள். வாயே திறக்கமாட்டாள். பயம். எங்கள் மேஜையில் பேச்சே இல்லாமல் போனது. பாட்டு மட்டும் ஓடியது. பேச்சுதான் காரணம் என்றால் இப்போது எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. லேப்பில் எங்கள் பச்சைப் புள்ளி பீஸ்களை எடுத்து வெட்டிப் பார்த்தபோது அதிலும் கெட்டது இருந்தது. அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. லேப்பில் கூட்டுகிற அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

என் காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். இருபது வருஷம் இரும்புச் சத்தத்தில் நின்ற காது. லீவு போட்டுத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். காது பரிசோதிக்கிற பெண் சின்ன வயசுக்காரி. சீட்டைப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றாள்.

"நல்லா இருந்தா நான் ஏம்மா கோட்ட வுடறேன்?" என்று கேட்டேன். வேலை என்ன என்று விசாரித்தாள். சொன்னேன். அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கறது காது. புடிச்சி வெச்சிக்கறது மூள. அது வேற வேல" என்றாள். கம்ப்யூட்டரில் ஒரு சத்தம் போட்டாள். பிறகு என்னை இருபதிலிருந்து பின்னாலே எண்ணச் சொன்னாள். கொஞ்சம் எண்ணினதும் நிறுத்தி, இன்னொரு சத்தம் போட்டாள். அதுவேதானா என்று கேட்டாள். அதுவேதான் என்றேன். சரி என்றாள். பத்து தரம் செய்தோம். எல்லாம் சரி. பிறகு மறுபடி முதல் சத்தம் போட்டாள். இந்தத் தடவை என்னை எண்ணச் சொல்லவில்லை. நடுவில் வேறு நாலைந்து சத்தங்களை மேலும் கீழுமாக ஓடவிட்டாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இரண்டாவது சத்தம் வந்தபோது எனக்கு முதல் சத்தமே இல்லை. தேடினேன். ஏதோ ஒன்று கிடைத்தது. அது நடுவில் ஓடினதில் ஒன்று. இப்படியும் பத்து தரம் செய்தோம், பாதி தப்பு.

"வார்த்த வேற எடத்துல போய் உக்காரும், ஸ்ருதி வேற எடத்துல உக்காரும். பேசினா ஸ்ருதிக்கு பெருசா ஒண்ணும் ஆவாது. ஆனா இன்னொரு ஸ்ருதி உள்ள வந்துச்சின்னா, ஏற்கெனவே இருக்கறத தள்ளி வுட்டுடும். எல்லாருக்கும் அப்டித்தான், உங்களுக்கு மட்டும் இல்ல" என்றாள்.

எங்கள் மேஜைக்கு மேலே ஷிப்ட் முழுக்க சுருதிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி வைத்தவள் நான். அதற்காக வேலை போனது அவளுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் புதுப்பெண்ணை நிற்க வைத்தேன். லேப்பில் வெட்டிப் பார்த்த பீஸ்களோடு ஒரே ஊற்றில் வந்த மற்ற பீஸ்களை, நல்லது கெட்டது கலந்து, பெயின்ட் புள்ளியைச் சுரண்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். எது நல்லது எது கெட்டது என்ற சீட்டு லேப்பில் கூட்டுகிற அம்மாவிடம் இருந்தது. ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்தச் சொன்னேன். "நீ பேசு" என்றேன்.

"இன்னாத்தக்கா பேசறது?"

"எதுனா பேசு. கும்முடிப்பூண்டிலேந்து சென்ட்ரல் வரிக்கும் ஸ்டேஷன் பேரு சொல்லு."

அவள் கத்திக்கொண்டே சொன்னாள். கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர். நான் தட்டினேன். ஒன்றும் தப்பவில்லை. பிறகு பெட்டியைப் போட்டு, அவளை வாயை மூடச் சொன்னேன். தட்டினேன். கெட்டது மூன்றை நல்லது என்றேன். நல்லது ஒன்றைத் தூக்கிப் போட்டேன். பாட்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் என் தலையில் இருந்த சத்தமும் சாய்கிறது. அது சாய்வது எனக்கே தெரியவில்லை. சரியாகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தப்பு செய்கிறேன்.

உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. மேஜைக்கு வந்தீர்கள். சுத்தியலை வாங்கி நீங்களே தட்டினீர்கள். பெட்டி ஓடாதபோது மெதுவாகத் தட்டி, பெரும்பாலும் சரியாகச் சொன்னீர்கள். ஓடும்போது தப்பு. மறுபடி தட்டினீர்கள். மறுபடி தப்பு. உங்கள் நெற்றியில் வேர்வை. சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் பெட்டி இல்லை. வயரிங் சரியில்லை, கழற்றிவிட்டோம் என்று ஆபீசில் சொன்னார்கள். வயரிங்! அந்த எலக்ட்ரீஷியனிடம் நானே கேட்டேன். "வயரு நல்லாத்தான் கீதுக்கா. கழட்டுன்னாரு, கழட்னேன்" என்றான். அன்றிலிருந்து எங்கள் மேஜையில் ஒன்றும் தப்பவில்லை. இப்போது புதுப்பெண்ணும் நன்றாகவே பேசுகிறாள்.

அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன்.

"அது முடிஞ்ச ஃபைல்மா."

"பேச்சால இல்லன்னு உங்களுக்கே தெரியும் சார்."

"நீங்கதான சைன் பண்ணீங்க?"

போட்டது நான்தான். நீங்களும் அது தெரிந்துதான் கேட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். ஏரிக்கரையில் ஐஸ் கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெந்தது போல வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, காது நல்லா கீதா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். ஸ்பீக்கர், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் பெயர், வயரிங் பொய். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. தலையைக் கிள்ளி, ஓட்டை இழுத்து, தொட்டியில் போட்டுக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "கையெழுத்து நீதான போட்ட?" என்றாள்.

"ஆமா."

"படிச்சிட்டுத்தான போட்ட?"

"ஆமாடி."

"அப்ப போ."

நான் போகவில்லை. நின்றேன். தொட்டி நிறைந்ததும் அவளே பேசினாள். மற்ற கம்பெனிகளில் கேட்டிருக்கிறாள். ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர்கள் எல்லோருக்கும் ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கிறது. அதில் அவள் போட்டோவைப் போட்டு, வேலை நேரத்தில் பேசி லாட்டைக் கெடுத்தவள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவன் அதைப் போனில் காட்டியே அனுப்பினானாம். வீட்டுக்குள்ளேயும் அதுதான் நடக்கிறது. அவள் ஏதாவது பேச வாயைத் திறந்தால் போதும், "ஒன் வாயாலதான் கெட்டது" என்று மாமியார் ஆரம்பித்துவிடுகிறாள்.

"பேஜாரா கீதுக்கா" என்றாள். "இப்ப நான் ஊட்ல பேசறதே இல்ல."

ஆறு வருஷம் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பேசாமல் அவள் ஒரு வேளைச் சோறு தின்று நான் பார்த்ததில்லை. அன்று நான் இருந்த ஒரு மணி நேரத்தில் அவள் மொத்தமாகப் பேசினது நான் மேலே எழுதினதுதான். கிளம்பும்போது மட்டும் இன்னொன்று சொன்னாள்.

"எனுக்கு அந்த வேலை வோணாம். துட்டும் வோணாம். எல்லாரு எதுர்லயும்தான சொன்னான்? நான் பேசுனதால இல்லன்னு அவன் வாயால சொல்லட்டும். அத்த மட்டும் நீ வாங்கிக் குடு. இல்லன்னா இந்தப் பக்கம் வராத."

திரும்பி வந்து உங்களிடம் இரண்டு தரம் கேட்டேன். ஒரு தரம் மீட்டிங் என்றீர்கள். இன்னொரு தரம் என்னைக் கண்டதும் காரில் ஏறினீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்தால் எனக்கும் வேலை போகும். போகட்டும். நான் கையெழுத்துப் போட்டது தப்பு, பொய் என்று தெரிந்தே போட்டேன். அதை இதோ எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன். அவளிடமும் நேரில் ஒத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் தனியாக வேண்டாம், ஆபீஸ் அறையில் வேண்டாம். முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் வந்து, அந்த ஸ்பீக்கர் பெட்டியை ஏன் கழற்றினீர்கள் என்று சொல்லுங்கள். வயரிங் என்றால் வயரிங் என்றே அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனும் அங்கேதான் நிற்பான். பாட்டுதான் காரணம் என்றால் அதைச் சொல்லி, பேச்சுக்காக ஒருத்தியை ஏன் துரத்தினீர்கள் என்பதற்கும் அதே இடத்திலேயே பதில் சொல்லுங்கள்.